நுரை அடங்கிய பிறகு எடுக்கவும்

என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயத்தில், செய்முறை என்ற தலைப்பின் கீழ், ஒரு வரி இருக்கிறது: “மாதிரியைப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்து, நுரை அடங்கிய பிறகு எடுக்கவும்.” எழுதியவள் நான்தான். கறுப்பு அட்டையும் தங்க எழுத்துமாக அந்த ஆய்வேடு இப்போது பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் படிக்கப் போவதில்லை என்பது எனக்கு ஓர் ஆறுதல். அதில் மாதிரி என்று சொல்லியிருப்பது என் கணவரின் சிறுநீர்.

தூத்துக்குடியில் நான் ஆய்வு செய்த கல்லூரியின் மாடி ஜன்னலைத் திறந்தால் உப்பளம்தான் தெரியும். வெயிலில் வெறுங்காலோடு உப்பு வாருகிறவர்கள் அங்கிருந்து பார்க்கச் சின்னதாகத் தெரிவார்கள். அவர்களில் பலருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும். கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காரியம் கையை மீறியிருக்கும். சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். கடையில் கிடைக்கிற பரிசோதனைப் பட்டை, கசிவு அதிகமான பிறகுதான் நிறம் மாறும். அதற்கு வெகு முன்னதாக, கசிவு நூலிழையாக இருக்கும்போதே பிடிக்கிற ஒரு பட்டையைச் செய்வதுதான் என் ஆய்வு. அட்டையில் கரிமையால் அச்சடித்த ஒரு கோடு, கோட்டின் மேல் ஆல்புமினைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி, பக்கத்தில் எண்ணைக் காட்ட உள்ளங்கை அளவு மீட்டர். சொன்னால் இவ்வளவுதான்.

செய்துபார்த்தால் உயிரை வாங்கிவிடும். ஆன்டிபாடி எவ்வளவு, அதை எத்தனை நேரம் காயவிடுவது, கரைசலில் புளிப்பு எவ்வளவு, கழுவும் நீரில் உப்பு எவ்வளவு என்று நான்கு சங்கதிகள். எனக்கு முன்னால் இருந்த ஆய்வாளர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தே இரண்டு வருடத்தைத் தொலைத்துவிட்டு, கடைசியில் வங்கி வேலைக்குப் போய்விட்டார். குழம்பில் புளியைக் கூட்டினால் உப்பும் காரமும் இருந்த இடத்தில் நிற்காது என்பது அடுப்படியில் நிற்கிற யாருக்கும் தெரியும். ஆய்வகத்துக்குள் கால் வைத்ததும் அந்த அறிவு எங்கே போகிறதோ தெரியவில்லை.

என் வழிகாட்டி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், புள்ளியியல் முறைப்படி சோதனைகளைத் திட்டமிடக் கற்றுக்கொடுத்தார். நான்கையும் ஒரே திட்டத்துக்குள் சேர்த்துக் கூட்டியும் குறைத்தும் வைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு எட்டுச் சோதனை. அதில் இரண்டு விதிகளை மேடம் திரும்பத் திரும்பச் சொல்வார். எட்டில் எதை முதலில் செய்வது என்பதை நம் இஷ்டத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று, ஒரு சுற்றில் செய்தவை எல்லாம் ஒரு தொகுதி. அன்றைய வானிலை, அன்றைய மாதிரி, அன்று அச்சடித்த அட்டை என்று அந்தத் தொகுதி முழுவதையும் ஒன்றாகத் தூக்கிவிடுகிற அல்லது இறக்கிவிடுகிற காரணங்கள் இருக்கும். அந்தப் பொதுவான ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டால், மிச்சம் இருப்பது நாம் தேடுகிற உண்மை. இப்படித்தான் நான் என் நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

சோதனைக்கு ஓர் ஆரோக்கியமான மனிதரின் சிறுநீர் வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அதே ஆள், காலையில் முதல் முறை போவது. அதில்தான் அளந்து ஆல்புமின் சேர்ப்போம். எதுவும் சேர்க்காத வெறும் மாதிரிக்கும் ஒரு பட்டை உண்டு, அது பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒழுங்காக நான்கைந்து பேரைத் தேடியிருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. வீட்டிலேயே ஆள் இருக்கும்போது ஊரெல்லாம் போய்ச் சீசாவை நீட்டுவானேன் என்று நினைத்தேன். அனுமதிப் படிவத்தில் ‘ஆரோக்கியமான தன்னார்வலர்’ என்ற இடத்தில் என் கணவர் கையெழுத்துப் போட்டார்.

அவருக்குப் பக்கத்து ஏரல்தான் ஊர். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றும் ட்ரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் நல்ல உயரம், வாய் அதைவிட நீளம்.

“ஏளா, ஊருல பொண்டாட்டிமாரு சேலை கேப்பாளுவ, சங்கிலி கேப்பாளுவ. நீ கேக்குத சாமானப் பாரு” என்றார்.

“தர முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க.”

“தாரேன், தாரேன். ஆனா பட்டம் வாங்குதப்ப பாதி எனக்கு.”

முதல் சுற்றில் கடைப் பட்டையை அவர் மாதிரியில் முக்கிப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. அன்று சாயங்காலம் அவரை உட்காரவைத்துக் கண்டிப்பாகச் சொன்னேன். அந்த வார்த்தைகள் ஒன்று விடாமல் நினைவிருக்கின்றன.

“இனிமே நீங்கதான் எனக்கு நார்மல். காய்ச்சல், இருமல், என்ன வந்தாலும் ஒடனே சொல்லிரணும். நார்மல் மாறிச்சுன்னா செஞ்சது அவ்வளவும் குப்பை. மொதல்லேருந்து செய்யணும். ஒரு வருசம் போயிரும்.”

“எனக்கு என்னளா வரப்போவுது? கல்லு மாதிரி இருக்கேன்.”

அதிலிருந்து லாரி சிநேகிதர்களிடமெல்லாம் தன்னை ‘நார்மல்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். குழம்பில் உப்பு போதவில்லை என்று நான் சொன்னால், “நார்மலுக்கு இது போதும்” என்பார். சீட்டுக் குலுக்குவதையும் அவரே எடுத்துக்கொண்டார். கணினியிடம் கேட்டால் ஒரு நொடியில் வரிசை தந்துவிடும். ஆனால் சுற்றுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு வந்து, ஒன்று முதல் எட்டு வரை எழுதி மடித்த சீட்டுகளை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். கோயிலில் சீட்டு எடுக்கிறவர் முகம் போல அவ்வளவு பயபக்தியாக இருக்கும். எனக்குச் சிரிப்பாக வரும், சிரித்தால் கோபித்துக்கொள்வார்.

முதல் இரண்டு சுற்றிலும் எண்கள் சொன்னபடி கேட்டன. மூன்றாவதில் எட்டு எண்ணும் ஒன்றுபோலச் சற்று ஏறியிருந்தன. வெறும் மாதிரியும் பூஜ்யத்தை விட்டு மேலே வந்திருந்தது. நான்காவதில் இன்னும் கொஞ்சம். நான் பதறிப்போய் மேடமிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

“மழை சீசன் வருது. கடற்கரை ஈரப்பதம், உப்புக்காத்து, கார்பன் கோடு எல்லாத்தையும் உறிஞ்சும். இது பிளாக் எஃபெக்ட்தான், தொகுதிக்கே பொதுவான ஏத்தம், கழிச்சிரு. நல்லவேளை தொகுதி பிரிச்சுச் செஞ்ச. இல்லாட்டி இந்த ஏத்தம் உன் ரிசல்ட்டையே முழுங்கிருக்கும்.”

அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்று மத்தியானமே உட்கார்ந்து கழித்தேன். கழித்த பிறகு வரைபடம் எவ்வளவு அழகாக வந்தது என்று சொல்ல முடியாது. ஐந்தாவது, ஆறாவது சுற்றுகளில் ஏற்றம் கூடியபோது நான் பதறவே இல்லை. அதற்குத்தான் பெயர் வைத்தாயிற்றே.

நுரை வந்தது ஐந்தாவது சுற்றில். மூடியைத் திறந்தால் சீசாவின் கழுத்து வரை நின்றது. பிப்பெட்டால் உறிஞ்சினால் குமிழ் ஏறி அளவு தப்பியது. எனக்கு எரிச்சல். வீட்டிலிருந்து கல்லூரி வரை அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டரில் குலுங்கி வந்ததால்தான் என்று முடிவு கட்டினேன். மேசையில் பத்து நிமிடம் வைத்தேன், அடங்கியது. நோட்டில் ஒரு வரி சேர்த்தேன்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உப்பளத் தொழிலாளர்களுக்காக முத்தையாபுரத்தில் நாங்கள் முகாம் நடத்தியபோது கேள்வித்தாள் தயாரித்தவள் நான். அதில் இரண்டாவது கேள்வி, ‘சிறுநீர் நுரையாகப் போகிறதா?’ என்பது. ஒரு சனிக்கிழமை முழுக்க, நாற்பது ஐம்பது பெண்களிடம் குனிந்து குனிந்து அதைக் கேட்டேன். நுரை என்றால் புரதம் போகிறது என்று அர்த்தம் அக்கா, அலட்சியமாக இருக்காதீங்க என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். திங்கட்கிழமை காலை என் வீட்டுச் சீசாவைத் திறந்து, நுரை அடங்குவதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டாவது சுற்றோடு வேலை முடிந்தது. நான்கு சங்கதிகளுக்கும் சரியான அளவு கிடைத்துவிட்டது. புதுப் பட்டையை அடுத்த முகாமுக்கு எடுத்துப்போனோம். கடைப் பட்டை ஒன்றும் இல்லை என்று சொன்ன ஒரு பெண்ணுக்கு எங்கள் பட்டை கசிவு இருக்கிறது என்றது. ஆஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனையும் அதையே சொன்னது. அந்த அம்மாளுக்கு மாத்திரை தொடங்கி, நன்றாக இருப்பதாகத் தகவல் வந்தது. மேடம் ஆய்வகத்துக்கே மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தார். நான் இரண்டு எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் ஒன்றைக் கடித்துவிட்டு, வாய் கசக்கிறது என்று வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலையில் அவர் முகம் ஊதியிருந்தது. ஷூவுக்குள் கால் போகவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தார். திருநெல்வேலியில் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தம், ஸ்கேன், ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை என்று நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் அழற்சி, வேகமாகப் போகிற வகை, முதுகு வலிக்கு நீங்களாக வாங்கிப் போட்ட மாத்திரைகள் வேறு சேர்ந்து கெடுத்திருக்கின்றன என்றார்.

“நாலு மாசத்துக்கு முன்னால வந்திருந்தா மருந்துலயே பிடிச்சு நிறுத்தப் பார்த்திருக்கலாம். நுரை, வீக்கம், எதுவுமே உங்க கண்ணுல படலையா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

என் கணவர்தான் முந்திக்கொண்டு, “அவ படிக்கா சார், தலைக்கு மேல வேலை அவளுக்கு” என்றார். என்ன படிக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் ஆய்வகத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு தொகுதியிலும் நான் கழித்த எண் அங்கே தனியாக இருந்தது. எட்டு எண்கள். அவற்றைத் தேதி வரிசையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். முதல் இரண்டும் தரையோடு கிடந்தன. மூன்றிலிருந்து படி ஏறுவது போல ஏறி, எட்டாவது புள்ளி தாளின் விளிம்புக்கே போயிருந்தது. வானிலையைத் தேடி எடுத்துப் பார்த்தேன், நடுவில் மூன்று வாரம் ஒரு பொட்டு மழை இல்லை, காற்றும் காய்ந்துதான் இருந்திருக்கிறது. கோடு அப்போதும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. என் பட்டை, இன்னும் முழுசாகத் தேறாதபோதே, மூன்றாவது சுற்றில் இந்த மனிதருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறது. நான் அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன். ஒரு முறை இரண்டு முறை இல்லை, ஆறு முறை. பட்டை பொய் சொல்லியிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

மேடமிடம் காட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சொன்னார்: “ஒரு தொகுதிக்குள்ள எது நல்ல அளவுங்கறது இப்பவும் சரிதாம்மா. பட்டை வேலை செய்யுது, அதுல பொய் இல்ல. இத எழுதினா எல்லாத்தையும் வேற ஆளுங்க மாதிரியில திரும்பச் செய்யச் சொல்லுவாங்க. நீ அவரப் பாப்பியா, இதப் பாப்பியா?” அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நானும் அந்த யோசனையைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன் போலிருக்கிறது, மறுபேச்சுப் பேசவில்லை. ‘கடற்கரை ஈரப்பதத்தின் விளைவு’ என்ற வரி அப்படியே இருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றாகிவிட்டது. துறைமுக வாசலில் லாரி வரிசை மணிக்கணக்கில் நிற்கும்போது, வரிசையை விட்டு இறங்கி ஒதுங்க முடியாது என்பதற்காக அவர் பல வருடம் தண்ணீரே குடிக்காமல் ஓட்டியிருக்கிறார். இப்போது ஒரு நாளைக்குச் சின்ன டம்ளரில் மூன்று முறைக்கு மேல் தண்ணீர் கூடாது. சீட்டுக் குலுக்கிய அதே டம்ளர்தான். நான் அதை அளந்து ஊற்றும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

வாய்மொழித் தேர்வுக்கு வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் பக்கம் அது ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. யாரும் வரலாம், பட்டம் வாங்குகிறவர் எல்லோருக்கும் இனிப்பும் மிக்சரும் காபியும் கொடுக்க வேண்டும். கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஊசி குத்திய கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கழித்ததையும் காட்ட வேண்டும் என்பது விதி என்பதால் பின்னிணைப்பில் சேர்த்திருந்த அந்த எட்டுப் புள்ளிப் படம் திரையில் வந்தபோது வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பேனாவைத் தூக்கினார்.

“ஈரப்பதம்னா ஏறி இறங்கணுமே. இது ஒரே ஏறுமுகமா இருக்கே, ஏன்?”

பக்கத்தில் மேடம் மேசையைப் பார்த்தார். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவர் என் பதிலுக்காக, வாத்தியார் கேள்வி கேட்ட பிள்ளையின் தகப்பன் மாதிரி, முன்னால் சாய்ந்திருந்தார்.

“மழைக்காலம் நெருங்க நெருங்க உப்புக்காற்று கூடிக்கொண்டே போனது சார்” என்றேன்.

தேர்வாளர் தலையாட்டினார். சில்லறைத் திருத்தங்கள் செய்து ஒரு வாரத்தில் கொடுக்கலாம் என்றார். கைதட்டினார்கள். என் பெயருக்கு முன்னால் டாக்டர் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

ஸ்கூட்டரில் நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். துறைமுகச் சாலையில் லாரி வரிசை பாதையை அடைத்திருந்தது, நிறுத்திக் காலை ஊன்றினேன். தெரிந்த டிரைவர் யாரோ மேலிருந்து, “ஏலே நார்மல், எப்படி இருக்க?” என்று கத்தினார். இவர் கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு என் தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

“ஏளா, மூணாவது புள்ளியிலேருந்து ஏறுச்சே, அது காத்து இல்ல.”

நான் திரும்பவில்லை.

“சீட்டு எடுத்தவன் நாந்தான? மூணாவது தடவை எடுக்கும்போதே கால் வீங்கி, செருப்பு வார் பதிஞ்சு கெடந்துச்சு. கட்டியிருந்த சாரத்த இழுத்து மூடிக்கிட்டு, சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டேன், நீ பாத்துரக் கூடாதுன்னு.”

“ஏன்? ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“நீதான சொன்ன, நார்மல் மாறுனா அம்புட்டும் குப்பைன்னு. ஒரு வருசம் போயிரும்னு. எட்டு முடியட்டும், சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்.” லாரி வரிசையைப் பார்த்துக்கொண்டே, “ஆனா ஒன் பட்டை நல்ல பட்டைளா. நான் மறைச்சும் அது கண்டுபுடிச்சிட்டே” என்றார்.

“நான் கழிச்சிட்டேங்க” என்று சொன்னேன். “ஒவ்வொரு தடவையும் அதைக் கழிச்சிட்டேன்.”

முன்னால் லாரி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் என் முதுகில் தட்டி, “போளா, வழி விட்டுட்டான்” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை, இன்று வரை.

திருத்தத்துக்குக் கொடுத்த வாரத்தில் ஈரப்பதம் என்ற வரியை அடித்துவிட்டு, ‘மாதிரி தந்தவருக்கு மூன்றாவது சுற்றிலிருந்து சிறுநீரக நோய் இருந்தது, அதை ஆய்வாளர் கவனிக்கவில்லை’ என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேர்வாளரிடமிருந்து எந்தக் கேள்வியும் வரவில்லை, படிக்காமலே ஒப்புதல் கொடுத்திருப்பார். நுரை பற்றிய வரியை மட்டும் நான் தொடவில்லை. அது என் கையெழுத்து, இருக்கட்டும்.

போன மாதம் குளியலறையைக் கழுவும்போது ஜன்னல் மேலிருந்த பழைய மாதிரிச் சீசாவைத் தூக்கிப் போடப் போனேன். வேண்டாம் என்று வாங்கி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அதில் நிரப்ப இப்போது அவருக்கு ஒரு சொட்டும் வருவதில்லை.